கண்ணுக்கு ஒரு கொப்பி, மூக்குக்கு ஒரு கொப்பி

மூக்கில் இரத்தம் வந்தால் வைத்தியம் தெரியாதவர் எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை. தலையை அண்ணாந்து பிடி என்பார் ஒருவர், குனிந்து பிடி என்பார் இன்னொருவர். உச்சந்தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்று, வெங்காயத்தை நசுக்கி முகரக் கொடு, கருவாட்டை நிறுத்து, இளநீர் வாங்கிக் கொடு. என் வீட்டுக்காரருக்கு முதன்முதலில் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இத்தனை வைத்தியர்களும் ஒரே நேரத்தில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். காற்று வரட்டும், தள்ளி நில்லுங்கள் என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

கொட்டியது என்றுதான் எழுதுகிறேன், சொட்டியது என்று அல்ல. சோறு பிசைந்துகொண்டிருந்த மனிதர் சட்டென்று கையை மூக்குக்குக் கீழே வைத்தார். கை நிறைந்து, விரல் இடுக்கால் வழிந்து, தட்டில் இருந்த சோறு சிவந்து போனது. வாயாலும் வந்தது. வலது பக்க மூக்கில்தான் ஆரம்பம். பத்து நிமிடம் இருக்கும். பிறகு யாரோ மூடிவிட்டதைப் போல அதுவாகவே நின்றுவிட்டது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஒன்னுமில்ல, சூடு" என்று சொல்லி வேறு தட்டு கேட்டார். அந்த இரத்தம் தானாக நின்றதுதான் எங்களை ஏமாற்றியது. நிற்காமல் வந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்போம்.

நாங்கள் இருப்பது மடுல்சீமைப் பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில். அவருக்கு ஃபெக்டரியில் வேலை, கொழுந்து காய வைக்கும் டிரையருக்குப் பக்கத்தில். எனக்குப் பிள்ளைக் காம்பராவில். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, பால் கொடுப்பது, கழுவுவது, துடைப்பது. நாள் முழுக்கக் கழுவிக் கழுவி என் கை எப்போதும் ஊறிப்போய் இருக்கும். மகள் தெமோதரையில் என் தங்கச்சி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் பேசமாட்டார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அந்தப் பத்தில் நாலு "ஒன்னுமில்ல" என்பதாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் எதுவும் விளங்காது. கூட்டாளி ஒருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு இவர் பசறை வரை போனார். லைசன்ஸ் இல்லை. திரும்பி வரும்போது ஃபெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் மணல் சறுக்கி, மதகுக் கட்டில் தலை அடித்து விழுந்தார். ஹெல்மெட் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது, சைக்கிள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. தூக்கி வந்தபோது நினைவு திரும்பியிருந்தது. வலது பக்க முகம் முழுக்க வீக்கம். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும், வலது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்றார். அதையும் நான் டீ கொடுத்தபோது கோப்பையைப் பிடிக்கத் தவறியதால்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தக் கூட்டாளி ஓடி வந்தார். "அண்ணி, எக்சிடன்ட்டுன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. சொன்னா ஆஸ்பத்திரியில இருக்கிற பொலிசு அங்கயே கொப்பியத் தொறப்பாங்க. பைக்குக்கு இன்சூரன்ஸும் இல்ல, இவருக்கு லைசன்ஸும் இல்ல. கான்ல வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லுங்க." எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டிய கானில் வழுக்கி விழுந்தவரை எந்தப் பொலிசும் தேடி வராது. ஆகவே அவர் கானில் விழுந்தார். கண் டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் மெல்லிய கீறல் இருக்கிறது, அது தானாகப் பொருந்திவிடும், கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்புதான் நசுங்கிவிட்டது, பார்வை இனி திரும்பாது என்றார். பார்ப்பதற்குக் கண் நல்லபடியாகத்தான் இருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. மாதா மாதம் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். டொக்டர் எழுதுவதற்கு நான் ஒரு நோட்டுக் கொப்பி வாங்கி, பிரவுன் தாள் உறை போட்டு, அவர் பெயரை எழுதி, கீழே "கண்" என்று எழுதினேன்.

இப்போது மூக்குக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த ஐயா பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. "டிரையர் பக்கத்துல நிக்கிறீங்க, காத்துக் காலம் வேற ஆரம்பிச்சிடுச்சு. உள்ள தோல் வெடிச்சிருக்கும். தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எரிச்சலாக இருக்கிறது. யாராவது ஒருவர் முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒன்பதாம் நாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது முறை வந்தது. இந்த முறை கழுவும் பேசினில் பாதி. தரையெல்லாம் கொட்டி, சுவரில் தெறித்து, அவருடைய பனியன் தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து போனது. கால் மணி நேரம் போய் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் சரி என்றார்.

சரி என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் சுட வைத்தேன்.

இதைப் படிக்கும் டவுன்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு விளங்கும். லயத்திலிருந்து யாரும் அப்படியே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குக் கட்டுவதற்கென்று மடித்து வைத்திருக்கும் சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் போவோம். பிரசவ வலி எடுத்தவளுக்குக்கூடத் தலை சீவிப் பின்னிவிட்டுத்தான் வான் வண்டியில் ஏற்றுவார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மலையிலிருந்து நேரே வந்த என் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள். "தோட்டத்து ஆளுங்க" என்று யாரோ சொன்னார்கள். அம்மா தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொழுந்துக் கறை எத்தனை தேய்த்தாலும் போகாது. அன்றிலிருந்து என் வீட்டு ஆள் ஒருவரையும் யாரும் மூக்கைப் பொத்தும்படி நான் அழைத்துக்கொண்டு போனதில்லை.

ஆகவே அவரைக் குளிப்பாட்டினேன். காது மடலுக்குப் பின்னால் காய்ந்திருந்த இரத்தத்தைத் துணி நனைத்து எடுத்தேன். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். பனியனையும் துணிகளையும் லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் அலசிப் பிழிந்து காயப் போட்டேன். சிமெந்துத் தரையை இரண்டு முறை தேய்த்தேன். எல்லாம் முடித்து பஸ் பிடித்து, பசறை வழியாகப் பதுளை டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி தாண்டிவிட்டது. டொக்டர் முன்னால் போய் உட்கார்ந்தவர் கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். நான் நன்றாகப் பேசுவேன். டொக்டர் சிங்களத்தில் கேட்பார், நான் இவரிடம் தமிழில் கேட்பேன், இவர் சொல்வதைத் திரும்ப டொக்டரிடம் சொல்வேன்.

எவ்வளவு இரத்தம் போனது என்று கேட்டார். "கொஞ்சம்" என்றார் இவர். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மேசைக்குக் கீழே தொடையைக் கிள்ளிவிட்டு, "பேசினில் பாதி போனது டொக்டர்" என்று சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் இவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெண்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. சட்டையில் ஒரு பொட்டு இரத்தம் இல்லாத மனிதரை வைத்துக்கொண்டு அவரும் என்னதான் நினைப்பார்?

அடுத்தபடியாக அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, எக்சிடன்ட் ஏதும் நடந்ததா, தலையில் அடி பட்டதா? தெளிவாகத்தான் கேட்டார். நானும் தெளிவாகத்தான் தமிழில் கேட்டேன். "இல்ல" என்றார் இவர். கண் இமைக்கிற நேரம்கூட எடுக்கவில்லை. கானில் விழுந்த கதையைக்கூடச் சொல்லவில்லை. இல்லை என்று நான் சொன்னேன், டொக்டர் எழுதிக்கொண்டார்.

அந்த ஒற்றை "இல்ல"யை நினைத்து நான் எத்தனை நாள் பல்லைக் கடித்திருப்பேன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர், திறக்கக் கூடாத இடத்தில் மட்டும் பட்டென்று திறந்துவிட்டார்.

மூக்குக்குள் நீளமான துணிச் சுருளைத் திணித்து இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் ஒரு துளி வரவில்லை. உடம்பில் இரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச் சத்து மாத்திரை தந்தார்கள். துணியை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மூக்குக் கிளினிக்குக்குத் திகதி போட்டு அனுப்பினார்கள். வரும் வழியில் நான் இன்னொரு கொப்பி வாங்கினேன். அதற்கும் பிரவுன் தாள் உறை, அதற்கும் பெயர், கீழே "மூக்கு". கண் கிளினிக்குக்குப் போகும்போது கண் கொப்பி, மூக்குக் கிளினிக்குக்கு மூக்குக் கொப்பி. ஒன்றை எடுத்தால் மற்றது பெட்டிக்குள் இருக்கும். மாற்றி எடுத்துக்கொண்டு போய் ஏச்சு வாங்குகிறவர்களைப் பார்த்து, நான் அப்படி இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகு வந்த வாரங்களைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. அவர் வேலைக்குப் போனார். போகாதீங்க என்றேன், ஒன்னுமில்ல என்றார். தும்மினால் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். செய்வினை என்றார்கள், தேங்காய் உடைக்கச் சொன்னார்கள், உடைத்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றாலும் உடைத்தேன். தலைக்குள் சோ என்று சத்தம் கேட்கிறது, நெஞ்சு அடிக்கிற மாதிரியே அடிக்கிறது என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். டிரையர் சத்தத்திலேயே நின்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் பதில் சொன்னேன். அதிசயமாகப் பேசிய மனிதரின் வாயை நானே அடைத்துவிட்டேன்.

மூன்றாவது முறை வந்தது நடுக் காற்றுக் காலத்தில். ஊவாப் பக்கத்தில் அந்த மாதங்களில் மழை கிடையாது, காற்றுதான். லயத்துப் பீலியில் சாயந்தரம் ஒரு மணி நேரம் நூல் மாதிரி தண்ணீர் வரும், அவ்வளவுதான். முந்தின நாள் நான் பீப்பாயில் இருந்த தண்ணீரையெல்லாம் வழித்து எடுத்து, அடுத்த கிளினிக்குக்கு அவர் கட்ட வேண்டிய சாரத்தையும் சட்டையையும் தோய்த்திருந்தேன். காலை ஆறு மணி இருக்கும். வாசலில் யாரோ வாளியைக் கவிழ்க்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரத்தம் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்டும் பெரிய பேசின் ஒன்று வீட்டில் இருந்தது. அதை முன்னால் வைத்து உட்கார வைத்தேன். என் கண் முன்னாலேயே அவருடைய உதடு வெளுத்தது.

நான் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பீலி காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன், அதற்கடுத்த கதவைத் தட்டினேன். ஒரு வாளித் தண்ணி இருந்தாக் குடுங்க, ஒரு வாளி. யாரிடமும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை. புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார், நான் வாளியோடு வீடு வீடாக அலைந்துகொண்டிருக்கிறேன். ஐந்தாவது வாசலில் இருந்த அக்கா வெளியே வந்து, எங்கள் வீட்டு வாசலையும் என் கையில் இருந்த வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்குத் தங்கச்சி தண்ணி?"

"குளிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் அக்கா."

அந்த அக்கா என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கி எறிந்தார். "உனக்குப் பைத்தியமாடி? பொணத்தத்தான்டி குளிப்பாட்டி அனுப்புவாங்க! ஆள அப்படியே தூக்குங்கடா!" என்று லயமே அதிரக் கத்தினார்.

மரக்கறி ஏற்றும் வான் ஒன்று நின்றது. இரத்தத்தில் நனைந்த பனியனோடும் வீட்டில் கட்டியிருந்த பழைய சாரத்தோடும் அவரை அதில் படுக்க வைத்தார்கள். நான் பேசினை மடியில் வைத்துக்கொண்டு அவர் தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டேன். பசறை தாண்டும்போது வேகம் குறைந்தது, பிறகு மறுபடியும் வந்தது. என் சேலை முழங்கால் வரை கனத்துப் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு ஒருவரும் எங்களை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, நம்பர் துண்டு எங்கே என்று கேட்கவில்லை. தள்ளுவண்டி தானாக வந்தது. ஆட்கள் தானாக வழி விட்டார்கள். மூக்கைப் பொத்தியவர்களும் இருந்தார்கள், நான் அவர்களை நேராகப் பார்த்தேன். வயதில் குறைந்த ஒரு டொக்டர் பேசினை எட்டிப் பார்த்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டே ஓடி வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் இவர்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் நான் பீலித் தண்ணீரில் அலசி விட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பீலியில் தண்ணீர் வந்திருந்தால் அதையும் அலசியிருப்பேன்.

மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே ஒரு குழாயை விட்டு அதன் நுனியை ஊதி நிறுத்தினார்கள். இரத்தம் ஏற்றினார்கள். கொஞ்சம் அடங்கியதும் அந்த டொக்டர் டோர்ச் அடித்து இரண்டு கண்களையும் பார்த்தார். வலது கண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இந்தக் கண் எப்போதிருந்து இப்படி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அது வேறு கிளினிக் டொக்டர்."

"வேறு கிளினிக்கா?"

"ஆமாம். அதற்கு வேறு கொப்பி இருக்கிறது. வீட்டில்."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கொப்பி இரண்டாக இருக்கலாம் அம்மா, தலை ஒன்றுதானே" என்று மெதுவாகச் சொன்னார். "கண் எப்படிப் போனது?"

என் வீட்டுக்காரர் படுத்திருந்தார், கண் மூடியிருந்தது. நான் சொன்னேன். மோட்டார் சைக்கிள், மதகுக் கட்டு, கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட், எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் வரட்டும், வந்து என்னையும் சேர்த்துக் கொண்டு போகட்டும் என்று இருந்தது. பொலிஸ் வரவில்லை. டொக்டர் எதையும் எழுதக்கூட இல்லை, நேரே டெலிபோனுக்கு ஓடினார்.

தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் வியாதியே இல்லையாம். மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய் ஒன்று, கழுத்து வழியாக ஏறி, கண்ணுக்கும் மூக்குக்கும் பின்னால் எலும்பை ஒட்டிப் போகிறது. விழுந்த அடியில் எலும்பு கீறியபோது அதுவும் கீறியிருக்கிறது. "டயர் கிழிந்த இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான்" என்றார் டொக்டர். புடைத்தது மெல்ல மெல்லப் பெரிதாகி, மூக்குப் பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டு வெடிக்கிறது. வெடித்த வாயில் இரத்தம் உறைந்தால் நிற்கும், உறைந்தது பெயர்ந்தால் மறுபடி கொட்டும். அடுத்த தடவை கொட்டினால் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாலும் காப்பாற்ற முடியாமல் போகலாம், உடனே கொழும்புக்குக் கொண்டு போக வேண்டும் என்றார்.

அம்பியுலன்ஸ் ஹல்துமுல்லை வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் நான் அவர் மூக்கைப் பார்த்தேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "இவ்வளவு நாளா வலிக்குதுன்னு சொல்ல வாய் வரல, இப்ப பசிக்குதுன்னு சொல்ல மட்டும் வருதா?" என்று ஏசினேன். ஏசிவிட்டு அழுதேன். கூட வந்த நர்ஸ் மிஸ்ஸி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கொழும்பில் ஒரு பெண் டொக்டர் படங்களைக் காட்டி விளக்கினார். தொடையில் சின்னத் துளை போட்டு, இரத்தக் குழாய் வழியாகவே மெல்லிய குழாயைத் தலை வரை கொண்டு போய், கிழிந்த குழாயை உள்ளிருந்தே நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். அடைத்த பிறகு இடது பக்கத்துக் குழாய் மட்டும் முழு மூளைக்கும் இரத்தம் கொடுக்க வேண்டும். அது கொடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பலூனை உள்ளே ஊதி, அரை மணி நேரம் வலது குழாயைத் தற்காலிகமாக மூடி வைப்பார்கள். அந்த அரை மணி நேரமும் அவர் விழித்திருக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும், முக்கியமாகப் பேச வேண்டும். பேச்சு குழறினால், சொல் மாறினால், கை தளர்ந்தால், மூளைக்கு இரத்தம் போதவில்லை என்று அர்த்தம். உடனே பலூனை இறக்கிவிடுவார்கள், பிறகு வேறு வழி தேட வேண்டும். அந்த வேறு வழியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

"அவர் தன் சொந்த மொழியில் பேச வேண்டும்" என்றார் டொக்டர். "சிறிய குழறல் அப்போதுதான் தெரியும். தமிழ் தெரிந்த எங்கள் மிஸ்ஸி இன்று லீவு. நீங்கள் உள்ளே வாருங்கள்."

எக்ஸ்ரே படாமலிருக்க ஈயக் கோட்டு ஒன்றை எனக்கு மாட்டிவிட்டார்கள். நனைந்த கொழுந்து மூட்டையைத் தோளில் போட்ட மாதிரி கனத்தது. அவர் தலை அசையாதபடி கட்டியிருந்தார்கள். நான் அவருடைய இடது பக்கம் நின்றேன், தெரிகிற கண்ணால் என்னைப் பார்க்கட்டும் என்று. சுவரில் கடிகாரம் இருந்தது. டொக்டர் கையைத் தூக்கிக் காட்டினார், பலூனை ஊதிவிட்டார்கள்.

"பேச்சு நிற்கக் கூடாது" என்றார்கள். பத்து வார்த்தைக்காரரை அரை மணி நேரம் பேச வைக்க வேண்டும்.

பெயர் கேட்டேன், சொன்னார். என் பெயர் கேட்டேன், சொன்னார், இத்தனை வருடத்தில் என் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் மூன்றாவதோ நாலாவதோ தடவை. மகளுக்கு எத்தனை வயது, எந்த வகுப்பு. ஐம்பதிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னேன். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் சாக்கில் ஏறுவது வரை ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொன்னேன். தோட்டத்து வாசலிலிருந்து பதுளை வரை பஸ் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன், ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கிருந்த சிங்கள மிஸ்ஸி என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். கையைத் தூக்கச் சொன்னபோதெல்லாம் தூக்கினார்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் எனக்குக் கேள்வி தீர்ந்து போனது. ஏதாவது கேளுங்கள் என்று மிஸ்ஸி கையால் சைகை செய்தார். அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஏங்க, அன்னைக்கு மூக்கு டொக்டர் அடி பட்டுச்சான்னு கேட்டப்ப ஏங்க இல்லன்னு சொன்னீங்க?"

அவர் பேசவில்லை. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. டொக்டர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். "பேசுங்க, பேசாம இருக்கக் கூடாது, பேசுங்க" என்றேன்.

"பொலிசுக்குப் பயந்து சொன்னேன்" என்றார். "நான் சொன்னது பொய்தான். ஆனா அவருகிட்ட சிங்களத்துல பேசுனது நீதானே. கொஞ்சம்னு சொன்னத மாத்திச் சொன்னே. இத மட்டும் ஏன் புள்ள மாத்தல?"

அவருக்கு எந்தப் பயமோ அந்தப் பயம்தான் எனக்கும். ஆனால் இத்தனை நாளும் அந்த "இல்ல" முழுக்க அவருடையது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி என் ஈயக் கோட்டைப் பிடித்து அசைத்தார். "என்ன சொல்கிறார்? பேச்சு குழறுகிறதா?"

"இல்லை மிஸ்ஸி. தெளிவாகப் பேசுகிறார்."

அன்றைக்கே அந்தக் குழாயை அடைத்தார்கள், அவர் பிழைத்தார். அதெல்லாம் பிறகு. அப்போது கடிகாரத்தில் இன்னும் பதினொரு நிமிடம் மீதி இருந்தது. அடுத்த கேள்வியை நான்தான் கேட்க வேண்டியிருந்தது.